பிராதில் இல்லாத தேதி

17

கூரை இல்லாத வீட்டில் அம்சம் பதினோரு நாள் குடித்தனம் நடத்திவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் நாகநாதன் பண்ணையின் ஆட்கள் வந்து கீற்றையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நாலு நாள் கழித்துத் திருவாரூர் முன்சீப் கோர்ட்டிலிருந்து தடையுத்தரவு வந்து சேர்ந்தது. வழக்கு முடியும்வரை அந்த மனையில் ரெத்தினமும் அவன் பெண்சாதி அம்சமும் எதையும் கட்டக்கூடாது, வேயக்கூடாது. பிரித்துப் போட்டவனைக் கேட்க ஆளில்லை, வேய்கிறவனுக்குத்தான் தடை.

பெண்பிள்ளைகள் இருவரையும் தாராசுரத்தில் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, சாக்குகளைச் சேர்த்துத் தைத்த படுதாவுக்கு அடியில் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. நாகூர்ப் பக்கமிருந்து தினமும் சாயங்காலம் மேகம் ஏறி வந்தது, கீழமருதங்குடிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது, பெய்யாமல் போனது. எத்தனை நாளைக்கு அப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவுக்கும் காரணம் ஆடி மாதம் அவள் கொடுத்த ஒரு மனு. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருந்துவருகிற விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கி சர்க்கார் சட்டம் கொண்டுவந்து இரண்டு வருஷம் ஓடியிருந்தது. சட்டத்தைப் பற்றி ஊரில் மேடை போட்டுப் பேசினார்கள், சுவரில் எழுதினார்கள், கறுப்பு சிவப்புக் கொடி கட்டினார்கள். தாலுகா ஆபீசில் போய் மனுக் கொடுக்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கீழத்தெருவின் இருபத்து மூன்று வீட்டில் முதல் மனு அம்சத்தினுடையது. மற்ற இருபத்திரண்டு வீடும் அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நாகநாதன் தாலுகா ஆபீசுக்குப் போகவில்லை. நேரே சிவில் கோர்ட்டுக்குப் போய்ப் பிராது கொடுத்தார். ரெத்தினமும் அம்சமும் தம்முடைய மனையில் "சமீப காலத்தில்" அத்துமீறிப் புகுந்தவர்கள், அவர்களை அப்புறப்படுத்தி மனையைத் தம் வசம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தாலி கட்டிக்கொண்டு அம்சம் அந்த வீட்டுக்குள் வந்தாள். அதுதான் சமீப காலமாம்.

புதன்கிழமை காலை சோழன் பஸ்ஸில் இருவரும் திருவாரூர் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் ரெத்தினம் வாய் திறக்கவில்லை. பண்ணையில் முப்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவன். வாய்க்கால் மடையைத் திறக்கவும் அடைக்கவும் அவனைப் போல் கைவாக்கு உள்ளவன் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டாலும் கறுப்புக் கோட்டைக் கண்டாலும் அவனுக்குப் பேச்சு வராது. அந்தப் பயம்தான் என்று அம்சம் நினைத்துக்கொண்டாள்.

வக்கீல் குஞ்சிதபாதத்தின் வீடு கமலாலயக் குளத்தின் தென்கரையில் இருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொடுத்த வக்கீல். மெலிந்த ஆள், பேச்சு மெதுவாக வரும். இருவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்சம் உட்கார்ந்தாள். ரெத்தினம் கதவோரம் நின்றுகொண்டான்.

கோர்ட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். மாமனார் வீரையன் வாய்க்கால் களிமண்ணைத் தலையில் சுமந்து வந்து அந்தச் சுவரை எழுப்பியது, புயலடித்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் பரண் மேல் மூத்தவளைப் பெற்றது, வீரையன் செத்தபோது அந்த வாசலிலிருந்துதான் பாடை கிளம்பியது. ஒவ்வொன்றுக்கும் தெருவே சாட்சி. அதையெல்லாம் எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டாள்.

"இன்னைக்கு நீங்க ஒரு வார்த்தையும் பேச முடியாதும்மா," என்றார் குஞ்சிதபாதம். "நானும் உங்க கதையைச் சொல்ல முடியாது. நாம போட்டிருக்கறது, அந்தப் பிராதையே நிராகரிக்கணும்னு ஒரு மனு. இதுல கோர்ட் ரெண்டே ரெண்டு காகிதத்தைத்தான் பார்க்கும். அவங்க எழுதின பிராது, அதோட சேர்த்து அவங்க குடுத்த பத்திரம். அதுல இருக்கறது அத்தனையும் மெய்யின்னு வச்சுக்கிட்டுத்தான் படிக்கும்."

அம்சத்துக்குச் சுருக்கென்றது. "பொய்யை எழுதிக் கொண்டாந்து குடுத்துருக்காங்க. அதையும் மெய்யின்னு வச்சுக்கிட்டா அப்பறம் நாம எதைங்க பேசுறது?"

"அதுதான் இன்னைக்கு வேலையே. அவங்க சொல்றது அத்தனையும் நெசம்னே வச்சுக்கிட்டாலும் இந்த வழக்கு நிக்காதுன்னு நான் காட்டணும். சாட்சி வேணாம், விசாரணை வேணாம். காட்டிட்டா பிராது இன்னைக்கே விழும், தடையுத்தரவும் அதோட விழும். காட்டலைன்னா வழக்கு விசாரணைக்குப் போய் நாலஞ்சு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் உங்களுக்குக் கூரை கிடையாது."

நாலஞ்சு வருஷம் என்றதும் ரெத்தினம் தரையைப் பார்த்தான். அம்சம் வக்கீலின் மேஜையைப் பார்த்தாள். அந்தப் பத்திரத்தின் நகல் மேலாக இருந்தது. அதில் ஒரு வரிக்கு அடியில் சிவப்புப் பென்சில் கோடு.

அந்த வரியைக் கண்டுபிடித்தவள் அம்சம்தான். 1958-ல் நாகநாதனும் அவர் தம்பியும் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் அது. மனை தம்முடையது என்று காட்டுவதற்காக நாகநாதன் பிராதோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். கோர்ட் சம்மனோடு அதன் நகல் இவர்களுக்கும் வந்தது, பதினாறு பக்கம். சங்கக் கொட்டகையில் மூன்று வருஷமாக எழுத்துப் படித்துவந்த அம்சம் போன வெள்ளிக்கிழமை முழுக்க அதை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். பாதிக்கு மேல் புரியவில்லை. பதினோராம் பக்கத்தில் சொத்து விவரம் வந்தது. நான்கெல்லை எழுதியிருந்தது. அதற்குக் கீழே, "மேற்படி எல்லைக்குள் பண்ணையாள் வீரையன் குடியிருந்துவரும் மனையும் குடிசையும் உள்பட" என்று இருந்தது.

வீரையன் என்ற பெயர் அவளுக்கு எழுத்துக் கூட்டாமலே தெரிந்தது. அவள் முதன்முதலில் எழுதப் பழகியது தன் வீட்டு ஆட்களின் பெயரைத்தான். பத்திரத்தை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கே திருவாரூருக்கு ஓடி வந்தாள்.

கோர்ட் பதினொரு மணிக்குக் கூடியது. அவர்களுடைய வழக்கின் நம்பரைக் கோர்ட் சேவகன் டவாலி கூப்பிட்டபோது பதினொன்றரை ஆகிவிட்டது.

நாகநாதன் வரவில்லை. அவருக்குப் பதிலாகக் காரியஸ்தர் செல்லதுரை தோல் பையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பண்ணையின் நிலம், ஆள், வழக்கு மூன்றையும் பார்த்துக்கொள்கிறவர். அவர்கள் பக்கத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரிய வக்கீல் வந்திருந்தார். அவர் எழுந்து நின்றாலே அறை நிறைந்த மாதிரி இருந்தது. நீதிபதியான முன்சீப் சின்ன வயசுக்காரர், அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

குஞ்சிதபாதம் அதே மெதுவான குரலில் ஆரம்பித்தார். எந்தப் பிராதிலும் வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான சம்பவம், எப்போது, எப்படி உண்டாயிற்று என்று சொல்லியாக வேண்டும். பிரதிவாதி என்ன செய்தார், எந்தத் தேதியில் செய்தார், அதனால்தான் நான் கோர்ட்டுக்கு வந்தேன் என்று வாதி எழுத வேண்டும். இந்தப் பிராதில் ஒன்பதாவது பாராவில் "சமீப காலத்தில்" என்று மட்டும் இருக்கிறது. மாதம் இல்லை, வருஷம்கூட இல்லை. அது மறதியால் விட்டது அல்ல என்றார் அவர். தேதி போட்டால், சட்டத்தில் குறித்திருக்கிற நாளுக்கு முன்னாலேயே இவர்கள் அங்கே இருந்தார்களா பின்னால் வந்தார்களா என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியை விசாரிக்கத் தாலுகா ஆபீசில் அதற்கென்று அதிகாரி இருக்கிறார், சிவில் கோர்ட் விசாரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதனால்தான் தேதியை மறைத்திருக்கிறார்கள்.

பிறகு பதினோராம் பக்கத்தைப் படித்தார். வாதி தாமே கையெழுத்துப் போட்ட பத்திரம், பதினைந்து வருஷத்துக்கு முந்தியது, முதல் பிரதிவாதியின் தகப்பன் அந்த மனையில் குடியிருந்ததாகச் சொல்கிறது என்றார்.

பெரிய வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். வீரையன் என்று ஒருவன் எப்போதோ இருந்தான், செத்தும் போனான். குடிசை காலியாகிப் பாழாகக் கிடந்தது. அதற்கப்புறம் இந்த இரண்டு பேரும் சங்கத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். இதெல்லாம் சாட்சி வைத்து விசாரிக்க வேண்டிய விஷயம், வாசலிலேயே வழக்கைக் கொல்லக் கூடாது என்று வாதாடினார்.

பாழாகக் கிடந்தது என்ற சொல் காதில் விழுந்ததும் அம்சம் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"ஐயா, அந்த வீட்ல ஒரு நாள் அடுப்பு அணைஞ்சதில்லீங்க. எங்க மாமனார் செத்த அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். என்னைக் கேளுங்க."

டவாலி அவளை நோக்கி வந்தான். முன்சீப் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"உட்காருங்கம்மா. நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா இந்த மனுவில நான் அதைக் கேட்கக் கூடாது. பிராதுல என்ன இருக்கோ அதை மட்டும்தான் பார்ப்பேன். அதுக்கு வெளியில இருக்கற எதையும் யார் சொன்னாலும் இன்னைக்கு எடுத்துக்க முடியாது."

அம்சம் உட்கார்ந்தாள். காது மடல் சுட்டது. பொய் சொல்கிறவன் நின்றுகொண்டு பேசுகிறான், நெசத்தைச் சொல்ல வந்தவளுக்கு உட்காரச் சொல்லி உத்தரவு. இதென்ன நியாயம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

முன்சீப் பிராதின் பக்கங்களைப் புரட்டினார். குடிசை காலியாகக் கிடந்ததாக இதில் எந்தப் பாராவில் எழுதியிருக்கிறீர்கள் என்று பெரிய வக்கீலைக் கேட்டார். பெரிய வக்கீல் தேடினார், கிடைக்கவில்லை. சமீப காலம் என்றால் எந்தத் தேதி என்று கேட்டார். பெரிய வக்கீல் குனிந்து செல்லதுரையிடம் ஏதோ பேசினார். மத்தியானம் சொல்கிறேன் என்று அவகாசம் கேட்டார். முன்சீப் மூன்று மணிக்கு மறுபடி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

கோர்ட் வாசலில் தூங்குமூஞ்சி மர நிழலில் அம்சம் சோற்று மூட்டையைப் பிரித்தாள். ரெத்தினம் சாப்பிடவில்லை. எதிரே வக்கீல்கள் அறைக்கு வெளியே செல்லதுரை தோல் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பெரிய வக்கீலிடம் நீட்டிக்கொண்டிருந்தார். முத்திரைத்தாள். அதைப் பார்த்ததும் ரெத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று.

"அம்சம், அது என் பெருவிரல்," என்றான்.

அவள் கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்தாள்.

அவன் தலை நிமிராமல் சொன்னான். ஒன்பது நாளைக்கு முன்னால் செல்லதுரை அவனைக் களத்துக்குக் கூப்பிட்டுவிட்டிருந்தார். உன் பெண்சாதி பண்ணை ஆட்களை அரிவாளோடு வெட்ட வந்தாள் என்று போலீசில் எழுதிக் கொடுக்கத் தயாராக நாலு சாட்சி இருக்கிறது, கொடுத்தால் அவள் உள்ளே போய்விடுவாள் என்றார். கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் இதில் விரல் வை, இனிமேல் தகராறு செய்ய மாட்டோம் என்று மட்டும்தான் இதில் எழுதியிருக்கிறது என்றார். அவன் வைத்துவிட்டான்.

"படிக்கத் தெரியாதவன்கிட்ட நீட்டுனா என்ன எழுதிருக்குன்னு யாருக்குத் தெரியும்," என்றாள் அம்சம்.

"உன்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்துட்டேன் புள்ள."

அவளுக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது. இந்த மனுஷன் தனக்காகப் பயப்படவில்லை, எனக்காகப் பயந்திருக்கிறான் என்று தெரிந்தபோது கோபம் போகவில்லை, திசை மாறியது. செல்லதுரையின் வெள்ளைச் சட்டையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்திரிய்யா. இப்ப என்கிட்ட சொன்னத வக்கீலய்யாகிட்ட சொல்லு. நீயே உன் வாயால சொல்லு."

ரெத்தினம் சொன்னதைக் குஞ்சிதபாதம் கடைசிவரை கேட்டார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பண்ணைக்குச் சட்டம் குறித்த நாளுக்குப் பிந்திய ஒரு தேதி வேண்டியிருந்தது, அந்தத் தேதியை ரெத்தினத்தின் விரலை வைத்தே எழுதிக்கொண்டார்கள். கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. ரெத்தினத்தின் தோளைத் தொட்டு, உள்ளே வந்து உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்குப் பெரிய வக்கீல் சிரிக்காமல் எழுந்தார். காலையில் கோர்ட் கேட்ட தேதி இதோ இருக்கிறது என்று முத்திரைத்தாளைத் தூக்கிக் காட்டினார். முதல் பிரதிவாதி ரெத்தினமே எழுதிக்கொடுத்தது. போன சித்திரை மாதம் பத்தாம் தேதி அந்த மனையில் வாதியின் அனுமதியில்லாமல் குடிசை போட்டதாக அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் தேதி வேண்டுமா என்று கேட்டார்.

பின்வரிசையில் ரெத்தினம் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அம்சம் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் உட்காரச் சொல்வார்கள் என்று தெரியும்.

குஞ்சிதபாதம் எழுந்தார். அந்தக் காகிதம் எப்படி எழுதப்பட்டது என்று அவர் பேசவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தக் காகிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?"

பெரிய வக்கீல் பார்த்துச் சொன்னார். பிராது தாக்கலாகிப் பத்து நாள் கழித்து எழுதிய காகிதம்.

"என் கட்சிக்காரர் காலையில் எழுந்து நின்றபோது, பிராதுக்கு வெளியே உள்ளது எதையும் யார் சொன்னாலும் கேட்க முடியாது என்று கனம் கோர்ட்டார் சொன்னீர்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அதே விதியை இந்தக் காகிதத்துக்கும் கேட்கிறேன்."

காலையில் அம்சத்தின் வாயை அடைத்த அதே சொல் இப்போது எதிராளியின் வாயை அடைக்கப் போய்க்கொண்டிருந்தது. காலையில் தன்னைக் கேட்டிருந்தால் இப்போது அதையும் கேட்டிருப்பார்கள்.

முன்சீப் முத்திரைத்தாளைக் கையில் வாங்கவில்லை. பிராதைத் திருத்த மனு ஏதும் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். போடவில்லை. பிராதோடு தாக்கல் செய்த பத்திரங்களின் பட்டியலில் இது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தாவிடம் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார்.

பாதி இங்கிலீஷில் இருந்தது. அம்சத்துக்குப் புரியவில்லை. குஞ்சிதபாதத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர்கள் இருந்த பக்கம் பார்த்து, முன்சீப் தமிழில் சொன்னார். பிராதில் வழக்கு மூலம் எப்போது உண்டாயிற்று என்று சொல்லப்படவில்லை. வாதியின் பத்திரத்தின்படியே அது பண்ணையாள் குடியிருந்த மனை, அதில் யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்க வேண்டியவர் சட்டப்படி வேறு அதிகாரி. பிராது நிராகரிக்கப்படுகிறது. அதன்மேல் கொடுத்த தடையுத்தரவும் ரத்து.

"கூரை வேயலாமாங்க?" என்று அம்சம் பக்கத்தில் இருந்த யாரையோ கேட்டாள். அந்த ஆள் வேறு வழக்குக்காக வந்தவர். வேயலாம்மா, போங்க என்றார்.

செல்லதுரை வராண்டாவில் அவர்களுக்காகக் காத்திருந்தார். தோற்ற ஆளாகத் தெரியவில்லை.

"ரொம்பத் துள்ளாதே. பிராதைத்தான் தள்ளியிருக்காங்க, வழக்கைத் தள்ளலை. புதுசா எழுதிக் கொண்டாறதுக்கு எங்களுக்கு ஒரு வாரம் போதும். தேதிதானே இல்லை? அது இந்தப் பையில இருக்கு."

ரெத்தினம் பழக்க தோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கப் போனான். அம்சம் அந்தத் துண்டைப் பிடித்து மறுபடியும் அவன் தோளில் போட்டாள்.

"எழுதிக்கிட்டு வாங்க," என்றாள் செல்லதுரையிடம். "நான் அந்த வீட்டுக்குக் கழுத்துல தாலியோட வந்த தேதி ஒண்ணு இருக்கு. எங்க மாமனார் செத்த தேதி இருக்கு. ரெண்டு புள்ள பொறந்த தேதி இருக்கு. எல்லாத்தையும் நான் சொல்றேன், விட்டுப்போகாம எழுதிக்கிட்டு வாங்க."

வக்கீல் அவர்களைத் தெரு முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். செல்லதுரை சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு புதிய பிராது வரலாம், தாலுகா ஆபீசிலும் அதைக் காட்டலாம். திங்கட்கிழமை அங்கே அம்சத்தின் மனு விசாரணைக்கு வருகிறது. அங்கே சாட்சி உண்டு, பேச்சு உண்டு. விரலை எப்படி வாங்கினார்கள் என்று ரெத்தினம் அந்த அதிகாரி முன்னால் நின்று, செல்லதுரை பெயரைச் சொல்லி, சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சொன்னால் அந்தத் தாளுக்கு உயிர் போய்விடும். அவன் வாய் திறக்காவிட்டால் இன்றைக்கு ஜெயித்தது ஒரு வாரத்துக்குத்தான்.

ரெத்தினம் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிரையும் வாய்க்கால் மதகுகளையும் பார்த்துக்கொண்டே வந்தான். அம்சம் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவான். அவள் கேட்டதற்காகச் சொல்கிற சரி திங்கட்கிழமை வரை தாங்காது.

சேதி அவர்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. பஸ் நிற்கிற இடத்தில் தங்கம்மாள் நின்றிருந்தாள். அம்சத்தோடு நடவுக்குப் போகிறவர்களில் ஒருத்தி, அடுத்த வீட்டுக்காரி. அவள் பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள், தலையில் கீற்றுக் கட்டோடு. போன வாரம் வரைக்கும் அம்சத்தோடு பேசினால் பண்ணையில் வேலை போய்விடும் என்று ஒதுங்கிப் போனவர்கள்கூட அதில் இருந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மழை வருவதற்குள் ஒரு பக்கமாவது மூடிவிடலாம் என்றாள் தங்கம்மாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் படுதாவை அவிழ்த்தார்கள். கீற்றைத் தாங்கும் வரிச்சு நாலைந்து முறிந்திருந்தது, மூங்கில் வெட்டிக் கட்டினார்கள். யார் மேலே ஏறுவது என்று பேச்சு வந்தது. ரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் கால் வைத்து ஏறி முகட்டில் உட்கார்ந்தான். அம்சம் கீழேயிருந்து கீற்றை ஒவ்வொன்றாக நீட்டினாள். அவன் வாங்கி வைத்து, கயிறு போட்டு இறுக்கினான். மேற்குப் பக்கம் பாதி முடிந்தது.

அப்போது பண்ணை வீட்டு வேலையாள் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். ரெத்தினத்தை மட்டும் பண்ணை உடனே வரச்சொன்னார் என்றான்.

கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. முப்பது வருஷமாக அந்தக் கூப்பாடு வந்தால் ரெத்தினம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவான். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்து ஓடியதை அம்சம் பார்த்திருக்கிறாள். இப்போதும் அவன் கயிற்றை வாயில் கவ்வியபடி கீழே பார்த்தான். அம்சம் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கீற்றைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். இதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரெத்தினம் கயிற்றை வாயிலிருந்து எடுத்தான்.

"வீடு மேஞ்சுக்கிட்டு இருக்கேன்னு போய்ச் சொல்லு. இப்ப வர முடியாது. பேசணும்னா அவரை இங்க வரச் சொல்லு."

சைக்கிள்காரன் தவறாகக் கேட்டுவிட்டவன்போல நின்றான். அம்சம் நிமிர்ந்து, அதைத்தான் சொன்னார், போய்ச் சொல் என்றாள். அவன் போய்விட்டான்.

தங்கம்மாள்தான் முதலில் கீற்றை எடுத்து நீட்டினாள். வேலை மறுபடி ஓடத் தொடங்கியது. கிழக்கே மேகம் கறுத்துத் தாழ்ந்து வந்தது. முதல் தூறல் விழுந்தபோது மேற்குப் பக்கம் முழுக்க மூடியாகிவிட்டது, கிழக்கில் நாலு முழம் பாக்கி.

அப்போதுதான் தெரு முனையில் கார் சத்தம் கேட்டது. நாகநாதனின் வெள்ளைக் கார். ரோட்டோடு போகும், வயல் மேட்டில் நிற்கும், கீழத்தெருவுக்குள் அது திரும்பி யாரும் பார்த்ததில்லை. இன்று திரும்பியது. சேற்றில் சக்கரம் வழுக்க, மெள்ள வந்து வாசலுக்கு எதிரே நின்றது.

செல்லதுரை கூட வரவில்லை. நாகநாதன் தனியாக இறங்கினார். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. பெண்களைத் தாண்டி, அம்சத்தைத் தாண்டி, அவர் பார்வை ரெத்தினத்தைத் தேடியது. ரெத்தினம் முகட்டில் இருந்தான். அவனோடு பேச நாகநாதன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"கீழே இறங்கி வா ரெத்தினம். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

ரெத்தினம் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்து இறுக்கினான். மழைத் தண்ணீர் அவன் நெற்றியிலிருந்து வழிந்தது. பண்ணையாரைக் கண்டால் வாய் நிறைய வரும் அந்த "ஆண்டே" வரவில்லை.

"சொல்லுங்க," என்றான். "இங்கேருந்தே காது கேக்குது."